புது பைபர் படகு வாங்கும்போது: கோட்டேஷன் முதல் கடலில் இறக்கும் நாள் வரை விலைக் கணக்கு

பட்டறைக்குப் போய் “முப்பது அடி பைபர் என்ன விலை?” என்று கேட்டால் உடனே ஒரு தொகை சொல்வார்கள். பெரும்பாலும் அது படகின் உடலுக்கான விலை மட்டுமே. இன்ஜின், அதைப் பொருத்தும் கூலி, வரி, லாரி, கிரேன், ஐஸ் பெட்டி, பெயிண்ட், பதிவு, காப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சேரும். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ படகு முதல் நாள் தொழிலுக்குப் போகும்போது செலவான பணம் வேறாக இருக்கும். இரண்டு பட்டறைகளின் விலையை ஒப்பிட வேண்டுமானால் இந்தக் கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். இதைக் ‘கடலில் இறங்கும் விலை’ என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்குபவரே கணக்குப் போட்டு எடுக்க வேண்டும், பட்டறைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

கீழே சொல்வது கடலூர், புதுச்சேரி கரையில் மீன்பிடித் தொழிலுக்கு வாங்கும் பைபர் படகுகளுக்கானது. எடுத்துக்காட்டுகளில் வரும் ரூபாய் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும். சந்தை விலையை அந்தந்த மாதம் குறைந்தது மூன்று இடங்களில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

விலை கேட்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். “முப்பது அடி” என்று மட்டும் சொன்னால் ஒருவர் அணியத்தின் (படகின் முன்பகுதி) நுனியிலிருந்து அளப்பார், இன்னொருவர் அடிப்பகுதியை மட்டும் அளப்பார். அகலம் அரை அடி குறைந்தாலும் படகில் ஏற்றக்கூடிய வலையும் மீனும் குறையும். விலை குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது படகு எங்கே நிற்கப் போகிறது என்பது. கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ துறைமுகத்துக்குள் தண்ணீரிலேயே கட்டி நிற்கும் படகுக்கும், தாழங்குடா போன்ற திறந்த மணல் கரையில் தினமும் டிராக்டர் வைத்து இழுக்கும் படகுக்கும் அடிப்பகுதி ஒன்றாக இருக்கக் கூடாது. கரையில் இழுக்கும் படகின் அடிமுதுகு (அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் விளிம்பு) மணலில் தேய்ந்துகொண்டே இருக்கும். அங்கே கூடுதல் அடுக்கு போட வேண்டும், அதற்குக் கூடுதல் விலை உண்டு. ஆரம்பத்திலேயே கேட்டால் படகு மோல்டில் (அச்சில்) இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். மறந்துவிட்டால் ஒரு வருடம் கழித்து தேய்ந்த இடத்தைச் சுரண்டி ஒட்டுப் போட வேண்டும். அது புது அடுக்கைப் போல் ஒருபோதும் பிடிக்காது.

இன்ஜின் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஓடும், பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டா, நீண்ட தண்டு வைத்த டீசல் லாங் டெயிலா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகையின் உயரமும் உள்ளே போடும் பலமும் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

கோட்டேஷனை எழுத்தில் வாங்குவது

வாயால் சொன்ன விலை விலையே அல்ல. பட்டறையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் அச்சிட்ட தாளில் தேதி போட்டு, விலை எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி இழையை ஒட்டிக் கெட்டியாக்கும் ரெசின் கச்சா எண்ணெயிலிருந்து வரும் பொருள். அதன் விலை ஏறினால் படகு விலையும் ஏறும். “ரெசின் ஏறிடுச்சு, இன்னும் பதினைந்தாயிரம் கொடுங்க” என்று பாதியில் கேட்பது வழக்கமாக நடப்பதுதான். ஆகவே அட்வான்ஸ் கொடுத்த பிறகு விலை மாறாது என்றோ, மாறினால் இவ்வளவுக்கு மேல் போகாது என்றோ ஒரு வரி இருக்க வேண்டும்.

எதெல்லாம் சேர்ந்தது, எதெல்லாம் தனி என்பதைக் கீழ்க்கண்ட பொருள்களைப் படித்துக் காட்டி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: படகின் உடல், மேல்தளம், மிதவைப் பெட்டிக்குள் அடைக்கும் பஃப் நுரை, ஐஸ் பெட்டி, இன்ஜின் மாட்டும் பின்பலகை, வலை இழுக்கும் இடத்தில் ஓரப் பலம், கயிறு கட்டும் கட்டைகள், தண்ணீர் வெளியேறும் அடைப்பான், வெளிப் பெயிண்ட், பதிவு எண் எழுதுவது, நங்கூரம், கயிறு, உயிர்காக்கும் மிதவை உடை, லாரி, ஏற்று இறக்கு கூலி, ஜிஎஸ்டி.

இப்படிக் கேட்டால் படம் எப்படி மாறும் என்று பாருங்கள். முதல் பட்டறை உடல் விலை 2,60,000 என்கிறது. இரண்டாவது பட்டறை 2,95,000 என்கிறது. முதலாவது 35,000 மலிவு போலத் தெரிகிறது. ஆனால் முதல் விலைக்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 13,000, ஐஸ் பெட்டி 18,000, பின்பலகைப் பலமும் இன்ஜின் பொருத்தமும் 9,000, பெயிண்டும் எண் எழுதுவதும் 5,000, லாரி 8,000, ஏற்று இறக்கு கூலி 4,000 என்று வைத்தால் மொத்தம் 3,17,000. இரண்டாவது பட்டறையின் விலையில் வரியும் ஐஸ் பெட்டியும் பொருத்தமும் பெயிண்டும் அடக்கம். லாரி 6,000, கூலி 4,000 மட்டும் சேர்ந்தால் 3,05,000. மலிவு என்று நினைத்த படகுதான் 12,000 ரூபாய் அதிகம்.

உடலின் விலை எங்கே குறைகிறது

பேரம் பேசிக் குறைத்த பணம் பெரும்பாலும் பட்டறைக்காரரின் லாபத்திலிருந்து வராது, படகின் அடுக்குகளிலிருந்து வரும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஜெல்கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படகு முடிந்த பிறகு யாருக்கும் தெரியாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பைபர் உடல் என்பது கண்ணாடி இழை விரிப்பை ரெசினில் நனைத்து ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவது. விரிப்பில் இரண்டு வகை. சிதறிய இழையால் ஆன மேட், பாய் போல நெய்த ரோவிங். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். 610 கிராம் ரோவிங் ஒரு அடுக்கு முக்கால் மில்லிமீட்டர் தரும். மேட் தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். ரோவிங் தன் எடைக்குச் சமமாகக் குடிக்கும்.

அரை மில்லிமீட்டர் ஜெல்கோட், ஒரு 300 கிராம் மேட், பிறகு 450 மேட்டும் 610 ரோவிங்கும் சேர்ந்த மூன்று ஜோடி, கடைசியில் ஒரு 450 மேட் என்று அடிப்பகுதிக்குப் போட்டால் கனம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு ஜோடியை விட்டுவிட்டால் ஐந்தரை மில்லிமீட்டர் சுமாருக்கு இறங்கும். உடலின் பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்தால், பட்டறைக்கு மிச்சமாவது சுமார் 32 கிலோ கண்ணாடி இழையும் 50 கிலோ ரெசினும், ஒரு நாள் கூலியும். நீங்கள் குறைத்த தொகை அங்கேதான் ஈடுகட்டப்படுகிறது. இழப்பு முகத்துவார அலையில் படகு தூக்கிப் போடும்போது தெரியும்.

ஆகவே கோட்டேஷனில் அடுக்கு விவரம் வேண்டும்: அடிப்பகுதிக்கு எத்தனை, பக்கத்துக்கு எத்தனை, அடிமுதுகுக்கும் பின்பலகைக்கும் கூடுதலாக எத்தனை. ரெசின் ஐசோவா, சாதாரண வகையா என்றும் கேளுங்கள். ஐசோப்தாலிக் ரெசின் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், விலை அதிகம். எல்லா அடுக்கும் ஐசோவில் போட முடியாவிட்டாலும் ஜெல்கோட்டும் அதையடுத்த முதல் அடுக்கும் ஐசோவாக இருப்பது நல்லது. தண்ணீர் ஊறிக் கொப்புளம் வருவது அங்கிருந்துதான் தொடங்கும்.

பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை வைப்பார்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் என்று எழுதி வாங்குங்கள். ஐஎஸ் 303 முத்திரை வீட்டு அலமாரிக்கான பலகை. இன்ஜின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் புகுந்தால் அது உள்ளேயே அழுகும், இன்ஜின் ஆடும். மிதவைப் பெட்டிக்குள் தெர்மாகோலைவிட பஃப் நல்லது. பாலியெஸ்டர் ரெசின் நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்.

சரிபார்க்க மூன்று வழிகள் உண்டு. அடுக்கு போடும் நாள்களில் ஒரு முறையாவது நேரில் போங்கள். அடைப்பானுக்கும் போல்ட்டுக்கும் துளை போடும்போது வரும் வட்டத் துண்டுகளை எடுத்து வைத்துத் தரச் சொல்லி, கனத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். டெலிவரி நாளில் லாரியை எடை மேடையில் வெறுமையாக ஒரு முறையும் படகுடன் ஒரு முறையும் நிறுத்துங்கள். கோட்டேஷனில் எழுதிய எடையிலிருந்து மிகவும் குறைந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. இழை குறைந்து ரெசின் அதிகமானாலும் எடை வரும், அப்படிப்பட்ட உடல் அடி பட்டால் வெடிக்கும். அதனால் துண்டையும் எடையையும் சேர்த்தே பாருங்கள்.

காலமும் விலையைச் சேர்ந்ததுதான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரக்காற்றில் ரெசின் சரியாகக் கெட்டிப்படாது. கூரை மட்டும் போட்ட திறந்த பட்டறையில் அந்த மாதங்களில் அடுக்கு போட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு பழுதுபார்க்கும் வேலை குவியும், டெலிவரி தள்ளிப் போகும். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை ஆர்டர் கொடுத்து வேலை நடத்துவது நல்லது.

இன்ஜின்

இன்ஜினைப் பட்டறை வழியாக வாங்குவதா, டீலரிடம் நேராக வாங்குவதா என்பது பலரும் கேட்பது. பட்டறை சேர்த்துக் கொடுக்கும் விலையில் அவர்களுக்கு ஒரு கமிஷன் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் பில் உங்கள் பெயரில், இன்ஜின் எண்ணுடன் டீலரிடமிருந்து வர வேண்டும். பட்டறை பெயரில் பில் இருந்தால் வாரண்டி கேட்கும்போதும் பதிவு செய்யும்போதும் சிக்கல் வரும். நிறுவனத்தின் அச்சிட்ட விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். தள்ளுபடி அந்த விலையிலிருந்து எவ்வளவு என்று பேசுங்கள்.

அவுட்போர்டு எடுத்தால் தண்டின் நீளம் பாருங்கள். குட்டை 15 அங்குலம், நீளம் 20 அங்குலம். பின்பலகை உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் புரப்பெல்லர் காற்றை இழுக்கும், அல்லது தேவைக்கு மேல் ஆழத்தில் இருந்து எரிபொருளைத் தின்னும். டீலர் கையிருப்பில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கும் இடம் இது. பலகையை அளந்து, அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

விலையில் எண்ணெய் டேங்க், குழாய், உதிரிப் புரப்பெல்லர், கருவிப் பெட்டி சேர்ந்ததா என்று கேளுங்கள். முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு செய்யும் சர்வீஸின் கூலி இலவசம் என்றாலும் ஆயிலுக்கும் பில்டருக்கும் பணம் கேட்கலாம். அதையும் முன்பே எழுதுங்கள். மிக முக்கியம் வாரண்டி. பல நிறுவனங்களில் தொழிலுக்கு ஓடும் இன்ஜினுக்குப் பொழுதுபோக்கு இன்ஜினைவிட வாரண்டிக் காலம் குறைவு. விற்பவர் சொல்வது எதுவாக இருந்தாலும் வாரண்டி அட்டையில் தொழில் உபயோகத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள்.

வரி

மீன்பிடிப் படகு எச்எஸ்என் (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) 8902 என்ற தலைப்பில் வரும், ஜிஎஸ்டி 5 சதவீதம். பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்குமான படகு 8903 என்ற தலைப்பில் வரும், 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு 40 சதவீதம். ஒரே மோல்டில் வந்த படகுக்கு பில்லில் எண் மாறினால் 2,60,000 ரூபாய்க்கு 13,000 வரியா, 1,04,000 வரியா என்ற வித்தியாசம் வரும். பில் போடும் கணக்கர் அவசரத்தில் எண்ணை மாற்றி அடித்துவிடலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள உல்லாசப் படகு, துடுப்புப் படகு போன்றவற்றுக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கிறார்கள். மீன்பிடிப் படகுக்கு அது பொருந்தாது.

இன்ஜினுக்கு வருவோம். 8902-இல் வரும் படகின் பாகங்களுக்கும் 5 சதவீதம்தான். மீன்பிடிப் படகுக்கான மரைன் டீசல் இன்ஜினுக்கு 5 சதவீதம் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018 ஆகஸ்ட் 9 தேதியிட்ட 52/26/2018 எண் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. டீலர் அதற்கு மேல் போட்டால் இந்த எண்ணைச் சொல்லிக் காரணம் கேளுங்கள். மீனவர் அடையாள அட்டையும் தொழிலுக்கே வாங்குகிறேன் என்ற எழுத்து மூல உறுதியும் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், பேட்டரி ஆகியவற்றுக்கு விகிதம் வேறு. அவற்றைத் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள்.

வரி சேர்ந்த விலை சொன்னால் உள்ளே எவ்வளவு வரி என்று பார்க்க, தொகையை 1.05-ஆல் வகுங்கள். 2,95,000-ஐ வகுத்தால் 2,80,952 வரும். மீதி 14,048 வரி. 2,95,000-க்கு 5 சதவீதம் என்று 14,750 எழுதியிருந்தால் கணக்குத் தவறு.

சிறு பட்டறைகளில் வேறொரு விஷயம் உண்டு. பொருள் விற்பனையில் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரையிலும், புதுச்சேரியில் 20 லட்சம் வரையிலும் உள்ளவர்கள் பதிவு செய்யாமலே இருக்கலாம். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்தவரும் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, அவர் தருவது வரி இல்லாத வழங்கல் பில்தான். கோட்டேஷனில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசு ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பார்த்தால் சாதாரணப் பதிவா காம்போசிஷனா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். தாளில் 5 சதவீதம் போட்டுவிட்டு அரசுக்குக் கட்டாதவரிடம் ஏமாறுவதை இது தடுக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே “ஜிஎஸ்டியும் சேர்த்துக் கொடுங்க” என்றால் தேவையில்லை. பொருளுக்கான வரி பில் போடும் நேரத்தில்தான், காம்போசிஷனில் இல்லாதவர்களுக்கு 2017 நவம்பரிலிருந்து இதுதான் விதி.

புதுச்சேரியில் கட்டிக் கடலூருக்கு எடுத்து வந்தால் தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் அது மாநிலம் விட்டு மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்பதால் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) வேண்டும். கன்னியக்கோயில் தாண்டி வரும் லாரியை அதிகாரிகள் நிறுத்தினால் அது இல்லாமல் படகு அங்கேயே நிற்கும். இ-வே பில் போட்டுத் தருவது பட்டறையின் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டாம்.

“பில்லைக் குறைத்துப் போடலாம், வரி மிச்சம்” என்று சொல்வார்கள். ஒரு லட்சம் குறைத்தால் மிச்சமாவது 5,000. புயலிலோ முகத்துவாரத்திலோ படகு முழுசாகப் போனால் காப்பீட்டுக் காரர் பார்ப்பது பில் மதிப்பை. அங்கே ஒரு லட்சம் போகும். வங்கிக் கடனும் மானியமும் வாரண்டியும் அந்த பில்லை வைத்துத்தான். இதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே போல் 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்துக்கு ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள், பின்னால் சாட்சியும் அதுதான்.

தனியாகக் கேட்கும் கட்டணங்கள்

லாரி, கிரேன், ஏற்று இறக்கு கூலி நியாயமானவை. ஆனால் யார் ஏற்பாடு செய்கிறார்கள், வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை முடிவு செய்யுங்கள். உங்கள் லாரி என்றால் பொறுப்பும் உங்களுடையது. பல நேரம் பட்டறை லாரிக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

‘டாகுமெண்ட் சார்ஜ்’, ‘ஹேண்ட்லிங்’, ‘பைல் சார்ஜ்’ என்று வரும் தொகைகளுக்கு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பட்டறை தரும் கட்டுமானச் சான்றும் பில்லும் விற்பவரின் கடமை, அதற்குத் தனிக் காசு கிடையாது. பதிவுக்கு உங்களுக்காக அலைந்து முடித்துத் தருகிறார்கள் என்றால் அது ஒரு சேவை, பேசிக் கொடுக்கலாம். அரசுக் கட்டணம் தனி, அவர்கள் கூலி தனி என்று இரண்டு வரியாக எழுதட்டும்.

படகு இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவிக்குப் பணம் கேட்டால் நிறுத்திக் கேளுங்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில் ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் நடந்தது. உங்கள் படகுக்குக் கிடைக்குமா என்று மீன்வளத் துறையில் கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

மானியம் வேண்டுமானால் வரிசை முக்கியம்

அதே மத்திய திட்டத்தில் பாரம்பரிய மீனவர் பழைய படகுக்குப் பதில் புதுப் படகும் வலையும் வாங்க அலகு விலை 5 லட்சம் என்று வைத்து, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதைக் கடலூர் மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். புதுச்சேரியில் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையில் கேளுங்கள். பட்டறையின் பேச்சை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பலரும் தவறுவது வரிசையில். மானிய ஆணை கைக்கு வரும் முன் படகு வாங்கிவிட்டால், பின்னால் கொண்டுபோய்க் காட்டும் பில்லுக்கு மானியம் கிடைக்காமல் போகும். விண்ணப்பம், ஆணை, பிறகு ஆர்டர் என்ற வரிசையை விடாதீர்கள். மானியப் பணம் பெரும்பாலும் படகைப் பார்வையிட்ட பிறகே வரும். அதுவரை முழுத் தொகையையும் சுமக்க உங்களிடம் வழி இருக்க வேண்டும். அந்த இடைக்கால வட்டியும் கடலில் இறங்கும் விலையில் சேரும்.

கடன்: கண்ணுக்குத் தெரியாத விலை

நிதி நிறுவனம் “பத்து சதவீதம்” என்று சொன்னால், மொத்த அசலுக்கா, குறைந்துவரும் அசலுக்கா என்று கேளுங்கள். 3 லட்சம், மூன்று வருடம், 10 சதவீதம். மொத்த அசலுக்கு என்றால் வட்டி 90,000, மாதத் தவணை 10,833. குறைந்துவரும் அசலுக்கு என்றால் மாதம் 9,680, மொத்த வட்டி ஏறக்குறைய 48,500. முதல் முறையில் உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வரும். செயல்பாட்டுக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கரையில் இதைவிடப் பெரியது ஏலக்காரரிடமும் மீன் வியாபாரியிடமும் வாங்கும் முன்பணம். வட்டி கிடையாது என்பார்கள். அதற்குப் பதில் பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், கமிஷனும் அவர் வைத்ததே. 2 லட்சம் முன்பணம் வாங்கி, வெளியே 5 சதவீதம் கமிஷன் போகும்போது இங்கே 8 சதவீதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 8 லட்சத்துக்கு மீன் விற்றால் கூடுதலாகப் போவது 24,000. அதாவது 2 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். கிலோவுக்குப் பத்து ரூபாய் விலையும் குறைத்து எடுத்தால் இன்னும் ஏறும். அவசரத்துக்கு அவரே துணை என்பதும் உண்மை. வங்கி இரவு பத்து மணிக்கு வலை வாங்கப் பணம் தராது. ஆனால் படகுக்கான பெரிய தொகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எடுத்து, ஏலக்காரரிடம் சிறிய தொகையை மட்டும், எப்போது முடிப்பது என்று பேசி வாங்குவது தொழிலுக்கு நல்லது. மீனை எங்கே விற்பது என்ற உரிமை கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தமும் தவணையும்

பணத்தை வேலையோடு கட்டுங்கள். ஆர்டருக்கு 25 சதவீதம். அடுக்கு முழுவதும் போட்டு, மேல்தளம் மூடும் முன் நீங்கள் வந்து பார்த்த பிறகு 35 சதவீதம். மோல்டிலிருந்து எடுத்து, பொருத்தம் முடிந்து, லாரி ஏறும் முன் 30 சதவீதம். கடலில் ஓட்டிப் பார்த்த பிறகு 10 சதவீதம். இந்தக் கடைசிப் பத்துக்காகக் கொஞ்சம் சண்டை வந்தாலும் விடாதீர்கள். எல்லாப் பணமும் போன பிறகு ஒரு கசிவை அடைக்க பட்டறைக்காரரை வரவைப்பது கடினம்.

ஒப்பந்தத்தில் டெலிவரி தேதி, தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு கழிவு, அடுக்கு விவரம், எடை, உடலுக்கான உத்தரவாதம் எத்தனை மாதம், கொப்புளமும் வெடிப்பும் அதில் அடங்குமா, ஆர்டரை ரத்து செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் ஆகியவை இருக்கட்டும்.

டெலிவரி நாள்

வெயில் ஏறும் முன் போங்கள். பக்கவாட்டில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், நெளிவு இருந்தால் மோல்டிலிருந்து சீக்கிரம் எடுத்திருக்கிறார்கள். நாணயத்தால் உடல் முழுவதும் தட்டுங்கள். கணீரென்று வரவேண்டிய இடத்தில் மந்தமான ஒலி வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது அல்லது காற்று அடைத்திருக்கிறது, சாக்பீஸால் குறியிடுங்கள். உட்புறம் கையை வைத்தால் பிசுபிசுப்போ நெடியோ இருந்தால் ரெசின் கெட்டிப்படவில்லை. ஹார்டனர் குறைத்துப் போட்டிருப்பார்கள், அல்லது ஈரத்தில் வேலை செய்திருப்பார்கள். முடிந்த படகைக் குறைந்தது ஒரு வாரம் நிழலில் காய விட்டுத்தான் இறக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த நாளே இறக்கினால் ஜெல்கோட்டுக்கு அடியில் தண்ணீர் ஊறும்.

கடலில் ஓட்டும்போது முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, திரும்பி வந்து மேல்தளத்தின் கீழ் கையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடைப்பானிலிருந்தா, போல்ட்டிலிருந்தா, சேர்க்கையிலிருந்தா என்று அங்கேயே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பின்பலகையில் இன்ஜின் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கையில் வாங்க வேண்டிய தாள்கள்: படகின் பில், கட்டுமானச் சான்று, இன்ஜின் பில், வாரண்டி அட்டை, இ-வே பில் நகல், பணம் கட்டிய ரசீதுகள். இவற்றோடு ஆதார், மீனவர் அடையாள அட்டை, படகின் புகைப்படங்களை வைத்து மத்திய அரசின் ரியல்கிராஃப்ட் தளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயரின் எழுத்து, இன்ஜின் எண், நீள அகலம் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும், பட்டறையைத் தேடித் திரும்ப அலைய வேண்டும். படகைப் புதுச்சேரியில் கட்டினாலும் கடலூர்க்காரர் பதிவது தமிழ்நாட்டில்தான்.

பதிவைத் தள்ளிப் போடாதீர்கள், அதற்கும் பண மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் வரி விலக்கு டீசல் பதிவு பெற்ற படகுக்கே. இன்ஜின் பொருத்திய நாட்டுப் படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்ததை 4,400 லிட்டராக உயர்த்துவதாக 2023-இல் அறிவித்தார்கள். பதிவு இல்லாத மாதங்களில் அந்த டீசலை முழு விலைக்கு வாங்குவீர்கள். காப்பீட்டையும் அதே வாரத்தில் எடுங்கள். ஒப்புக்கொள்ளும் மதிப்பில் உடல், இன்ஜின், வலை மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாலிசித் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு பிரீமியம் கட்டுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தைப் பட்டறைக்கு அனுப்புவது கடலில் ஓட்டிப் பார்த்து, பட்டறை தர வேண்டிய தாள்கள் எல்லாம் சரியாக வந்த பிறகு.